ரீஸ்டோர் பாதியில் நின்று கணினி எழவில்லையா? கோப்புகளை இழக்காமல் மீட்கும் வழி

கணினி மக்கர் பண்ணியது, பழைய நிலைக்குத் திருப்பினால் சரியாகிவிடும் என்று ரீஸ்டோர் கொடுத்தீர்கள், அதுவும் பாதி வழியில் கைவிரித்துவிட்டது. இப்போது நீலத்திரை வருகிறது, அல்லது கறுப்புத்திரை, அல்லது புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. இந்த இடத்திலிருந்து எப்படி வெளியே வருவது என்று பார்ப்போம். சொல்வது எல்லாம் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் பொருந்தும். ஆப்பிள் கணினிகளின் கதை வேறு. அதை இங்கே தொடவில்லை.

விண்டோஸ் எழவில்லை என்றதுமே படங்கள், ஆவணங்கள் எல்லாம் போய்விட்டன என்று நெஞ்சு பதறும். பெரும்பாலும் அப்படி இருக்காது. விண்டோஸ் எழுவதற்கு வேண்டிய சில கோப்புகள்தான் கெட்டிருக்கும். உங்களுடையவை டிஸ்க்கில் இருந்த இடத்திலேயே இருக்கும். அவற்றுக்கு நிஜமான ஆபத்து இனிமேல்தான், பதற்றத்தில் கண்ணில் படும் பொத்தானையெல்லாம் அழுத்திப் பார்க்கும்போது. அதனால் ஒவ்வொரு படியிலும் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: அடுத்து செய்யப்போவது டிஸ்க்கைப் படிக்க மட்டும் செய்கிறதா, அதில் எழுதவும் செய்கிறதா? படிக்கும் வேலையைத் தயங்காமல் செய்யலாம். எழுதும் வேலையை, கோப்புகளை வெளியே எடுத்த பிறகே தொட வேண்டும். கீழே உள்ள வரிசை இந்தக் கணக்கில்தான் போகிறது.

எந்த ரீஸ்டோர் கொடுத்தீர்கள்?

"ரீஸ்டோர் போட்டேன், போயிடுச்சு" என்று சொல்பவர்கள் மூன்று வேறு வேறு வேலைகளில் ஒன்றைச் செய்திருப்பார்கள். எது என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் சேதத்தின் அளவு அதைப் பொறுத்தது.

முதலாவது சிஸ்டம் ரீஸ்டோர். தேதி போட்ட ஒரு ரீஸ்டோர் பாயின்ட்டைத் தேர்ந்தெடுத்து அந்த நாளுக்குத் திரும்பும் வேலை. இது ரெஜிஸ்ட்ரியையும் (விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் இடம்) சிஸ்டம் கோப்புகளையும் டிரைவர்களையும் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) நிறுவிய மென்பொருள்களையும் மாற்றும்; உங்கள் படங்களையும் ஆவணங்களையும் தொடாது. இது பாதியில் நின்றால் புதிய பாதியும் பழைய பாதியும் கலந்த விண்டோஸ் மிஞ்சும். எழாமல் போவதற்கு அதுவே போதும். மூன்றிலும் சேதம் குறைவானது இதுதான்.

இரண்டாவது ரீசெட் திஸ் பிசி. இது விண்டோஸைப் புதிதாக நிறுவுகிறது. "கீப் மை ஃபைல்ஸ்" கொடுத்திருந்தால் உங்கள் கோப்புகள் இருக்கும், மென்பொருள்கள் போகும். "ரிமூவ் எவ்ரிதிங்" கொடுத்திருந்தால் பேரைப் பார்த்தாலே தெரியும். அதைக் கொடுத்துப் பாதியில் நின்றிருந்தால், இதற்குமேல் எதுவும் செய்யாமல் கணினியை அணைத்துவிட்டு, அதில் முக்கியமானது ஏதாவது இருந்ததா என்று யோசியுங்கள். இருந்தால் தரவு மீட்பு வேலை தெரிந்தவரிடம் அப்படியே கொடுப்பதுதான் நல்லது.

மூன்றாவது சிஸ்டம் இமேஜ் மீட்பு. முன்பு வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்த முழுப் பிரதியைத் திரும்பக் கொட்டுவது. இது இலக்கு டிஸ்க்கில் இருப்பதை அழித்துவிட்டுத்தான் எழுதத் தொடங்கும். பாதியில் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. ஆனால் வெளி டிஸ்க்கில் பிரதி பத்திரமாக இருக்கிறது. இங்கே நீங்கள் காப்பாற்ற வேண்டியது அந்த வெளி டிஸ்க்கை. கழற்றித் தனியே வையுங்கள், தேவைப்படும்போது மட்டும் செருகுங்கள்.

உண்மையிலேயே தோற்றுவிட்டதா?

சிஸ்டம் ரீஸ்டோர் நிதானமான ஆசாமி. பழைய ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில் "ரீஸ்டோரிங் ரெஜிஸ்ட்ரி" என்ற வரியிலேயே வெகுநேரம் நிற்கும். ஆள் செத்துவிட்டது என்று நினைத்துப் பவர் பொத்தானை அழுத்தினால், அங்கேதான் உண்மையில் சாகும். டிஸ்க் விளக்கு இருக்கும் கணினியானால் அது மினுக்குகிறதா என்று பாருங்கள். மினுக்கினால் விடுங்கள், வேலை நடக்கிறது. விளக்கே இல்லாத மடிக்கணினி என்றால் சார்ஜரைச் செருகிவிட்டு இரண்டு மூன்று மணி நேரம் பொறுங்கள். அதற்குப் பிறகும் திரை ஒரு துளி மாறவில்லை என்றால் அணைக்கலாம்.

எந்த இடத்தில் நிற்கிறது?

அணைத்துவிட்டு, பிரின்டர், பென் டிரைவ், வெளி டிஸ்க், மெமரி கார்டு என்று செருகியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றுங்கள். விசைப்பலகையும் மவுஸும் மட்டும் இருக்கட்டும். மறந்துபோய் விட்ட பென் டிரைவில் இருந்து எழ முயன்று தோற்கும் கணினிகள் ஏராளம். சில பேருக்கு இந்த இடத்திலேயே பிரச்சினை முடிந்துவிடும்.

இனி பவர் போட்டு, திரையைக் கூர்ந்து பாருங்கள். தயாரிப்பு நிறுவனத்தின் லோகோகூட வரவில்லை என்றால் இது ரீஸ்டோர் பிரச்சினையே அல்ல, வன்பொருள் பக்கம் பார்க்க வேண்டும். லோகோ வந்து, "நோ பூட்டபிள் டிவைஸ்" போல ஏதாவது வந்தால், டிஸ்க் கணினியின் கண்ணில் படவில்லை, அல்லது பட்டும் அதில் எழும் கோப்புகளைக் காணவில்லை. நீலத்திரையில் "ரெகவரி" என்று வந்தால் பூட் கோப்புகளில், அதாவது விண்டோஸை எழுப்பும் கோப்புகளில், சிக்கல். புள்ளிகள் சுற்றிச் சுற்றி மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் விண்டோஸ் பாதி எழுந்து விழுகிறது. அது கொஞ்சம் நல்ல செய்தி.

அடுத்து பயாஸ் திரைக்குள், அதாவது விண்டோஸுக்கும் முன்பே ஓடும் மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள், போய்ப் பார்க்க வேண்டும். பவர் போட்டவுடன் எஃப் 2 அல்லது டெலீட் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். சில கணினிகளில் எஃப் 10, சிலவற்றில் எஸ்கேப். அங்கே இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம், மூன்று விஷயங்களைப் பார்த்தால் போதும். பார்ப்பது படிக்கும் வேலைதான், பயப்பட ஒன்றுமில்லை.

டிஸ்க்கின் பெயர் பட்டியலில் இருக்கிறதா? இல்லை என்றால் இணைப்பு தளர்ந்திருக்கலாம், டிஸ்க்கே போயிருக்கலாம். எந்த மென்பொருள் வைத்தியமும் உதவாது.

தேதியும் நேரமும் சரியா? பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தால் மதர்போர்டில் உள்ள பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கிறது என்று பொருள். மேசைக் கணினிகளில் பெரும்பாலும் 3 வோல்ட்டில் இயங்கும் சிஆர் 2032 என்ற வட்ட பேட்டரி. இதற்கும் ரீஸ்டோருக்கும் என்ன தொடர்பு என்று தோன்றும். பேட்டரி தீர்ந்தால் பயாஸ் அமைப்புகள் எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த நிலைக்குத் திரும்பிவிடும். அதில் டிஸ்க் கட்டுப்பாட்டு முறையும் ஒன்று. டிஸ்க்கோடு பேசும் முறைகளான ஏஎச்சிஐ, ரெய்டு இரண்டில், விண்டோஸை ஏஎச்சிஐ முறையில் நிறுவியிருந்து, இப்போது அது ரெய்டு முறைக்கு மாறியிருந்தால், "இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்" என்ற நீலத்திரை வரும். அதைப் பார்த்துப் பயந்துதான் ரீஸ்டோர் கொடுத்திருப்பீர்கள். ரீஸ்டோருக்கு அங்கே வேலையே இல்லை. முறையைப் பழையபடி மாற்றிப் பேட்டரியையும் மாற்றினால் முடிந்தது.

மூன்றாவது, கணினி எழும் பூட் முறை யுஇஎஃப்ஐயா (புதியது), லெகஸியா (பழையது)? எது என்று குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும். கைப்பேசியில் ஒவ்வொரு பயாஸ் திரையையும் ஒரு படம் எடுத்துவைத்தால் இன்னும் நல்லது.

மீட்புத் திரைக்குப் போவது

விண்டோஸுக்குள்ளேயே ஒரு சிறிய மீட்புச் சூழல் இருக்கிறது. தொடர்ந்து எழ முடியாமல் போனால் தானாகவே வரும். வரவில்லை என்றால் வரவழைக்கலாம்: பவர் போட்டு விண்டோஸ் எழத் தொடங்கும் அறிகுறி தெரிந்ததும் பவர் பொத்தானை 10 விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். இதை இரண்டு மூன்று தடவை செய்தால் "ப்ரிப்பேரிங் ஆட்டோமேட்டிக் ரிப்பேர்" என்று வரும். அதன் பின் அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ட்ரபிள்ஷூட் என்ற பொத்தான்கள் உள்ள நீலப் பக்கம்.

இதுவும் வரவில்லை, அல்லது வந்தாலும் மவுஸும் விசைப்பலகையும் அசையவில்லை என்றால் பென் டிரைவ் தயாரிக்க வேண்டும். (2025 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 அப்டேட் ஒன்று மீட்புத் திரையில் யுஎஸ்பி விசைப்பலகையையும் மவுஸையும் முடக்கியது, சில நாளில் திருத்தம் வந்தது. அந்த இடைவெளியில் சிக்கிய கணினி என்றால் பென் டிரைவ்தான் வழி.) வேறொரு விண்டோஸ் கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி ஓட்டுங்கள். குறைந்தது 8 ஜிபி பென் டிரைவ் வேண்டும்; அதில் ஏற்கெனவே இருப்பது எல்லாம் அழியும். கோப்புகளைக் காப்பாற்றப் போய், பென் டிரைவில் இருந்த கல்யாணப் படங்களை அழித்துவிடாதீர்கள்.

தயாரானதும் பழுதான கணினியில் செருகி, பவர் போட்டு, பூட் மெனு விசையைத் தட்டுங்கள். அனேகமாக எஃப் 12, அல்லது எஃப் 9, எஃப் 11, எஸ்கேப். பென் டிரைவின் பெயர் இரண்டு முறை, ஒன்று யுஇஎஃப்ஐ என்ற முன்னொட்டுடன், வரலாம். பயாஸில் குறித்துவைத்த முறைக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுங்கள். நிறுவும் திரை வந்ததும் இன்ஸ்டால் பொத்தானைத் தொடாதீர்கள். பழைய வடிவத்தில் இடது கீழ்மூலையில் "ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்" இருக்கும். புதிய வடிவத்தில் "ரிப்பேர் மை பிசி" என்று தனி வாய்ப்பாக இருக்கும். அதே நீலப் பக்கம் கிடைக்கும்.

இந்த இடத்தில் 48 இலக்க எண்ணைக் கேட்டு ஒரு திரை வழி மறிக்கலாம். பிட்லாக்கர் என்ற பூட்டு அது. "நான் பூட்டு எதுவும் போடவில்லையே" என்பீர்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கிய பல புதிய மடிக்கணினிகளில் அது தானாகவே பூட்டிக்கொள்ளும். நல்லவேளையாக, அப்படிப் பூட்டும்போது சாவியும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்படும். கைப்பேசியில் அதே மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் நுழைந்து சாதனங்கள் பகுதியில் ரெகவரி கீ எங்கே என்று தேடுங்கள். பல சாவிகள் இருந்தால், பழுதான கணினித் திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் 8 எழுத்துகளோடு ஒத்துப்போவதை எடுங்கள். வீட்டில் யாருடைய மின்னஞ்சலில் அந்தக் கணினியை முதலில் தொடங்கினீர்கள் என்பதையும் யோசியுங்கள். சாவி அண்ணன் கணக்கில் இருக்கும், தேடுவது தங்கை கணக்கிலாக இருக்கும். சாவி கிடைக்கவே இல்லை என்றால் அந்த டிஸ்க்கில் உள்ளதைப் படிக்க வேறு வழி இல்லை. எங்காவது "திறந்து தருகிறோம்" என்று சொல்லிப் பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிக் குதிக்க மனம் அரிக்கும். ஸ்டார்ட்அப் ரிப்பேர் பொத்தான் கண்ணெதிரே இருக்கிறது, அழுத்தினால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடுமோ என்ற ஆசை. பொறுங்கள். உங்களிடம் வேறு பிரதி இல்லை என்றால் இதுதான் முதல் வேலை.

வெளி டிஸ்க்கைச் செருகுங்கள். நீலப் பக்கத்தில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், கமாண்ட் ப்ராம்ப்ட் என்று போங்கள். கறுப்புச் சன்னல் திறக்கும். அதில் நோட்பேட் என்று ஆங்கில எழுத்தில் தட்டி என்டர் கொடுங்கள். நாம் தினமும் பார்க்கும் அதே நோட்பேட் வந்து நிற்கும். எதையும் எழுதுவதற்காக அல்ல, அதன் ஃபைல் மெனுவில் உள்ள ஓப்பன் சன்னலுக்காக. அந்தச் சன்னலின் அடியில் கோப்பு வகை "டெக்ஸ்ட்" என்று இருப்பதை "ஆல் ஃபைல்ஸ்" ஆக மாற்றுங்கள். இப்போது திஸ் பிசி என்பதைத் திறந்தால் எல்லா டிரைவ்களும் தெரியும்.

இங்கே எழுத்துகள் மாறியிருக்கும், குழம்ப வேண்டாம். வழக்கமாக சி என்று இருப்பது டி என்றோ இ என்றோ வரலாம். எக்ஸ் என்று தெரிவது மீட்புச் சூழல் தற்காலிகமாக நினைவகத்தில் ஓடும் இடம், உங்களுடையது அல்ல. யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் உங்கள் பெயர் எந்த டிரைவில் இருக்கிறதோ அதுதான் உங்கள் டிரைவ். அதைத் திறந்து, வேண்டிய ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து காப்பி கொடுங்கள். அதே சன்னலில் வெளி டிஸ்க்குக்குப் போய்ப் பேஸ்ட் கொடுங்கள். எவ்வளவு ஆகியிருக்கிறது என்று காட்டும் பட்டை எதுவும் வராது. சன்னல் உறைந்துபோனது போல நிற்கும். வெளி டிஸ்க்கின் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். பெரிய ஃபோல்டரை ஒரேயடியாகக் கொடுக்காமல் துண்டு துண்டாகக் கொடுத்தால் எங்கே நின்றது என்று தெரியும்.

எதையெல்லாம் எடுப்பது? டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நான்கும் எல்லோருக்கும் நினைவு வரும். டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் பதறாதீர்கள். ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இன்னொரு டெஸ்க்டாப் இருக்கும், உங்களுடையது அங்கே இருக்கலாம். அவுட்லுக் வைத்திருப்பவர்கள் டாக்குமென்ட்ஸுக்குள் அவுட்லுக் ஃபைல்ஸ் என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். கணக்கு எழுதும் மென்பொருள்கள் சில, தரவை யூசர்ஸுக்கு வெளியே, டிரைவின் முதல் தட்டிலேயே தனி ஃபோல்டரில் வைக்கும். பலர் இழப்பது அதைத்தான். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை ஃபோல்டரை மட்டும் காப்பி செய்து மீட்க முடியாது. அவை அந்த விண்டோஸ் கணக்கோடு பூட்டப்பட்டவை.

நோட்பேட் வழி சரிவரவில்லை என்றால் உபுண்டு போன்ற லினக்ஸைப் பென் டிரைவில் போட்டு, நிறுவாமல், "ட்ரை" என்ற வாய்ப்பில் திறக்கலாம். வழக்கமான ஃபைல் மேனேஜர் இருக்கும், காப்பி செய்வதும் எளிது. விண்டோஸ் சரியாக மூடப்படாததால் டிரைவைப் படிக்க மட்டுமே அனுமதிக்கலாம். நமக்கு வேண்டியது அதுதானே.

டிஸ்க் "டக் டக்" என்று சத்தம் போடுகிறது, அல்லது சிறு கோப்பு ஒன்றுக்கே பல நிமிடம் பிடிக்கிறது என்றால் டிஸ்க் சாகும் தறுவாயில் இருக்கிறது. ரீஸ்டோர் தோற்றதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். மிக முக்கியமானதை மட்டும் முதலில் எடுங்கள். இந்த டிஸ்க்கில் பழுது பார்க்கும் கருவி எதையும் ஓட்டாதீர்கள். செக்டிஸ்க் போன்றவை டிஸ்க் முழுவதையும் உழுது எடுக்கும், பலவீனமான டிஸ்க் அதைத் தாங்காது.

இப்போது பழுது பார்க்கலாம்

கோப்புகள் வெளியே வந்துவிட்டனவா, வேறு கணினியில் இரண்டு மூன்றைத் திறந்தும் பார்த்தாயிற்றா? இனிக் கையைக் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை. குறைவாக மாற்றும் வேலையிலிருந்து தொடங்குங்கள்.

அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸில் ஸ்டார்ட்அப் ரிப்பேர். கொடுத்துப் பாருங்கள், "சரிசெய்ய முடியவில்லை" என்று வந்தால் ஒரு தடவை மறுதொடக்கம் செய்துவிட்டு இன்னொரு தடவை கொடுங்கள். அதற்கு மேல் திரும்பத் திரும்பக் கொடுப்பதில் பயன் இல்லை.

அடுத்து ஸேஃப் மோட், அதாவது அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் எழும் முறை. ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய் ரீஸ்டார்ட் கொடுத்தால் எண்கள் இட்ட பட்டியல் வரும். 4 ஸேஃப் மோட், 5 இணையத்துடன். இதில் விண்டோஸ் எழுந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அண்மையில் நிறுவிய டிரைவரையும் வெளியாருடைய ஆன்டிவைரஸையும் நீக்குங்கள். சிஸ்டம் ரீஸ்டோர் தோற்பதற்கு ஆன்டிவைரஸ் கோப்புகளைப் பிடித்துவைத்துக்கொள்வது அடிக்கடி காணும் காரணம். பயாஸில் டிஸ்க் முறையை மாற்றியவர்களும் முதல் தடவை ஸேஃப் மோடில் எழுப்புங்கள். சரியான டிரைவரை விண்டோஸ் அப்போது ஏற்றிக்கொள்ளும்.

எழவில்லையா? மீட்புத் திரையிலிருந்தே சிஸ்டம் ரீஸ்டோரைத் திறந்து, தோற்றதற்கு முந்தைய வேறு தேதியைக் கொடுங்கள். விண்டோஸ் ஓடாத நேரத்தில் செய்வதால் ஆன்டிவைரஸ் குறுக்கே வராது, உள்ளே தோற்றது இங்கே வெற்றி பெறுவதுண்டு. ஆனால் இங்கிருந்து செய்யும் ரீஸ்டோரை "அன்டூ" செய்ய முடியாது. அண்மையில் அப்டேட் ஏறியிருந்தால் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸையும் ஒரு முறை முயலலாம். முதலில் குவாலிட்டி அப்டேட் (மாதாந்திரத் திருத்தங்கள்), பிறகு ஃபீச்சர் அப்டேட் (பெரிய பதிப்பு மாற்றம்).

"பூட் கோப்பு இல்லை" என்ற வகைப் பிழைக்கு இவை எதுவும் உதவாது. பூட் கோப்புகளைப் புதிதாக எழுத வேண்டும். இணையத்தில் எங்கு தேடினாலும் பூட்ரெக் என்ற பூட் பழுதுக் கருவியின் கட்டளைகளைத்தான் முதலில் காட்டும். யுஇஎஃப்ஐ கணினிகளில் அதன் ஃபிக்ஸ்பூட் "அக்ஸஸ் டினைட்" என்று முரண்டு பிடிக்கும், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். கமாண்ட் ப்ராம்ப்ட்டில், டிஸ்க்கின் பகுதிகளைக் கையாளும் டிஸ்க்பார்ட் கட்டளையைத் தட்டி, பிறகு லிஸ்ட் வால்யூம். பட்டியலில் ஃபேட் 32 என்று 100 எம்பி அளவில், சில கணினிகளில் 260 எம்பி அளவில் சின்னதாக ஒன்று இருக்கும். அதுதான் பூட் பகுதி. செலக்ட் வால்யூம் என்று தட்டி அதன் எண்ணைக் கொடுங்கள். பென் டிரைவும் ஃபேட் 32 ஆகத்தான் தெரியும், ஜிபி கணக்கில் இருந்தால் அது பென் டிரைவ், அதை விடுங்கள். அசைன் லெட்டர், சமக்குறி, எஸ் என்று அதற்கு ஓர் எழுத்து கொடுத்து, எக்ஸிட்.

அடுத்த கட்டளையின் பெயர் பி, சி, டி என்ற மூன்று எழுத்தோடு பூட் என்ற சொல்லை ஒட்டியது. அதன்பின் இடைவெளி விட்டு உங்கள் விண்டோஸ் ஃபோல்டரின் முகவரி, பிறகு சாய்கோடு எஸ், இடைவெளி, எஸ் முக்காற்புள்ளி, பிறகு சாய்கோடு எஃப், இடைவெளி, யுஇஎஃப்ஐ. விண்டோஸ் ஃபோல்டர் எந்த எழுத்தில் இருக்கிறது என்று நோட்பேட் வழியில் பார்த்தீர்களே, அதே எழுத்தைத்தான் இங்கே கொடுக்க வேண்டும். "பூட் ஃபைல்ஸ் சக்ஸஸ்ஃபுல்லி கிரியேட்டட்" என்று ஒரே வரி வந்தால் சன்னலை மூடி மறுதொடக்கம் செய்யுங்கள். டிஸ்க்பார்ட்டுக்குள் இருக்கும்போது க்ளீன், ஃபார்மேட் என்ற சொற்களை மட்டும் எக்காரணம் கொண்டும் தட்டாதீர்கள்.

ரெக்பேக் என்ற ஃபோல்டரிலிருந்து ரெஜிஸ்ட்ரியைத் திரும்ப எடுத்துப் போடும் யோசனையையும் பல இடங்களில் பார்ப்பீர்கள். ஒரு காலத்தில் நல்ல வைத்தியம்தான். விண்டோஸ் 10 இன் 1803 பதிப்பிலிருந்து அந்தப் பிரதியை எடுப்பதை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது; உள்ளே இருப்பவை 0 அளவுள்ள வெற்றுக் கோப்புகள். அவற்றை நல்ல ரெஜிஸ்ட்ரியின் மேல் போட்டால் கொஞ்சநஞ்சம் இருந்ததும் போகும்.

இமேஜ் மீட்பு தோற்றவர்களுக்கு

இவர்களின் சிக்கல் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. புதிய டிஸ்க் பழையதைவிடச் சிறியது: உள்ளே பாதி இடம் காலியாக இருந்தாலும் பரவாயில்லை என்று விண்டோஸின் கருவி ஏற்காது, இலக்கு டிஸ்க் சமமாகவோ பெரிதாகவோ இருந்தே ஆக வேண்டும். இரண்டாவது, பிரதி எடுத்தபோது யுஇஎஃப்ஐ, இப்போது பென் டிரைவ் எழுந்திருப்பது லெகஸியில், அல்லது நேர்மாறாக. பூட் மெனுவில் மற்ற வரியைத் தேர்ந்தெடுத்துத் திரும்ப முயன்றால் சரியாகிவிடும். மூன்றாவது, பிரதியையே காணவில்லை என்று சொல்வது. விண்டோஸ் இமேஜ் பேக்கப் என்ற ஃபோல்டர் வெளி டிஸ்க்கின் முதல் தட்டில், பெயர் மாறாமல் இருக்க வேண்டும். ஒழுங்குபடுத்துகிறேன் என்று வேறு ஃபோல்டருக்குள் தள்ளியிருந்தால் கருவியின் கண்ணில் படாது.

எதுவும் பலிக்கவில்லை என்றால்

ரீசெட் திஸ் பிசி, கீப் மை ஃபைல்ஸ். இரண்டு வழி கேட்கும்: லோக்கல் (கணினியில் இருக்கும் கோப்புகளிலிருந்து), க்ளவுட் (இணையத்திலிருந்து இறக்கி). ரீஸ்டோர் தோற்ற கணினியில் உள்ளே இருக்கும் சிஸ்டம் கோப்புகளை நம்ப முடியாது என்பதால் நான் க்ளவுடைத்தான் சொல்வேன். 4 ஜிபிக்கு மேல் டேட்டா செலவாகும். மென்பொருள்கள் எல்லாம் போகும், அவற்றின் பட்டியலை டெஸ்க்டாப்பில் விட்டுச் செல்லும்.

அதுவும் "நோ சேஞ்சஸ் வேர் மேட்" என்று திரும்பினால், பென் டிரைவிலிருந்து புதிதாக நிறுவுவதுதான். டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் திரையில் டிஸ்க்கே தெரியவில்லை என்றால் உடைந்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். இன்டெல் செயலி உள்ள பல மடிக்கணினிகளில் விஎம்டி என்ற அமைப்பு டிஸ்க்கை மறைத்துவைக்கும். தயாரிப்பாளர் தளத்திலிருந்து ஐஆர்எஸ்டி என்ற இன்டெல் டிஸ்க் டிரைவரை இறக்கிப் பென் டிரைவில் விரித்துவைத்து, லோட் டிரைவர் கொடுத்தால் தெரியும். பழைய விண்டோஸ் இருந்த பகுதியை ஃபார்மேட் செய்யாமல் அப்படியே தேர்ந்தெடுத்தால் பழைய கோப்புகள் விண்டோஸ் டாட் ஓல்டு என்ற ஃபோல்டருக்குப் போகும். அதை இன்னொரு பாதுகாப்பு வலையாக மட்டும் நினையுங்கள். 10 நாளில் தானாக அழியக்கூடியது, வேண்டியதை உடனே எடுத்துவிடுங்கள். ஆக்டிவேஷன் எண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். ஏற்கெனவே ஆக்டிவேட் ஆகியிருந்த கணினி என்றால், அதே பதிப்பை அதே மதர்போர்டில் நிறுவும்போது எண் கேட்கும் இடத்தில் "ஐ டோன்ட் ஹேவ் எ ப்ராடக்ட் கீ" கொடுத்துத் தாண்டுங்கள், இணையத்தில் சேர்ந்ததும் தானாக ஆகிவிடும்.

புதிதாக நிறுவுகிறீர்கள் என்றால் எந்தப் பதிப்பு என்பதையும் பாருங்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. வன்பொருள் ஏற்கும் என்றால் இந்தச் சந்தர்ப்பத்திலேயே 11க்கு மாறுவது நல்லது.

எழுந்த பிறகு

கணினி எழுந்ததும் முதலில், ரீஸ்டோர் பாயின்ட்டுகளை எடுத்துவைக்கும் சிஸ்டம் ப்ரொடெக்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். ரீசெட்டுக்குப் பின் பல சமயம் அணைந்தே இருக்கும். ரீஸ்டோர் பாயின்ட்டுகள் இருப்பது அதே டிஸ்க்கில்தான், டிஸ்க் போனால் அவையும் போகும். ஆகவே படங்களுக்கும் ஆவணங்களுக்கும் வெளி டிஸ்க்கில் தனிப் பிரதி வேண்டும், அந்த டிஸ்க் எந்நேரமும் கணினியில் செருகியபடி இருக்கக் கூடாது.

பிட்லாக்கர் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், அதே கணினியில் சேமித்து ஒரு பயனும் இல்லை. தயாரித்த பென் டிரைவை அழிக்காமல் மேலே பெயர் எழுதி ஒட்டி வையுங்கள். அதிலிருந்து கணினி எழுகிறதா என்று ஒரு நல்ல நாளில், எந்தச் சிக்கலும் இல்லாதபோது, நீலப் பக்கம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு டர்ன் ஆஃப் கொடுத்துத் திரும்புங்கள். உங்கள் கணினிக்குப் பூட் மெனு விசை எஃப் 12ஆ, எஃப் 9ஆ என்பதும் அப்போது தெரிந்துவிடும். அதையும் அந்தச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.